படம் வருகிறது, போதுமா?

புதிதாகத் தொலைக்காட்சி வாங்கிய வீட்டுக்குப் போனால் நான் முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். செட்-டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முனை கொண்ட வயர் வந்து செருகியிருந்தால், கேபிள் வழியாகவோ டிஷ் வழியாகவோ அந்த வீட்டில் யாரும் இன்னும் எச்.டி. படம் பார்க்கவில்லை என்று அர்த்தம். முன்பக்கம் 43 அங்குலத் திரை இருக்கும். எச்.டி. சேனல்களுக்கென்று மாதாமாதம் கூடுதல் பணமும் போய்க்கொண்டிருக்கும். பொருத்த வந்த தம்பி கிளம்பும்போது, "படம் வருதுல்ல சார்?" என்று கேட்டிருப்பார். "வருதுப்பா" என்று இவர்களும் சொல்லியிருப்பார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்திருக்கும்.

எனக்கு எழுபது கடந்துவிட்டது. சொந்தக்காரர்கள் வீட்டிலும் தெருக்காரர்கள் வீட்டிலும் ரிமோட்டைக் கையில் வாங்கி இதையெல்லாம் சரிசெய்து கொடுப்பதை ஓய்வுக்காலத்து வேலையாகவே வைத்திருக்கிறேன். கொடுத்த பணம் வீணாகிறதே என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. குறையோடு இருக்கிறோம் என்பதே தெரியாமல் மனிதர்கள் வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள்.

முன்பெல்லாம் குறை தானே வந்து சொல்லிவிடும். சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அது எங்கள் தூத்துக்குடிப் பக்கம் எட்டவில்லை. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி வந்த பிறகு, கடற்கரை ஊர்களில் மொட்டைமாடிக்கு மேல் இன்னும் உயரமாகக் குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டி, கடலுக்கு அந்தப் பக்கத்துப் படத்தைப் பார்த்தோம். காற்றடித்து ஆன்டெனா திரும்பிவிட்டால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொட்டும். பேசுகிறவரின் முகத்துக்குப் பக்கத்திலேயே அதே முகம் மங்கலாக இன்னொன்று நிற்கும். உடனே ஒருவர் மாடிக்கு ஓடுவார். இன்னொருவர் ஜன்னலில் நின்று, "கிழக்க திருப்பு, இன்னும் கொஞ்சம், போதும் போதும், கையை எடுத்துராத!" என்று கத்துவார். தெளிவான படம் எது, கெட்ட படம் எது என்று அந்தக் காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். படத்தை நன்றாக வரவைப்பது வீட்டார் எல்லோருடைய பொறுப்பாக இருந்தது.

டிஜிட்டல் வந்தபின் அந்தப் புள்ளிகள் போய்விட்டன. சிக்னல் வந்தால் படம் சுத்தமாக வரும். சிக்னல் கெட்டால் சதுரம் சதுரமாக உடையும், அல்லது அப்படியே உறைந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு விவரம் மட்டும் உள்ள படமும் புள்ளியில்லாமல், நிழலில்லாமல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதைப் பார்த்து யாரும் மாடிக்கு ஓடமாட்டார்கள். சந்தேகமே வராத இடத்தில் நாமாகத்தான் போய்ச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

ஐந்தில் ஒன்று என்று நான் கணக்கோடுதான் சொல்கிறேன். பழைய முறையில் ஒரு படம் 625 கோடுகள். அதில் கண்ணுக்குத் தெரிவது 576. அதையே டிஜிட்டலாக்கியபோது அகலத்தில் 720, உயரத்தில் 576 என்று ஆனது. பெருக்கிப் பாருங்கள், 4,14,720 புள்ளிகள். எச்.டி. சேனல் அனுப்புவது அகலத்தில் 1920, உயரத்தில் 1080. பெருக்கினால் 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. 4கே என்று இப்போது விற்பது அதற்கும் நான்கு மடங்கு, ஏறக்குறைய 83 லட்சம். 'எச்.டி. ரெடி' என்று போட்ட 32 அங்குலப் பெட்டிகளில் பெரும்பாலும் 1366-க்கு 768 தான் இருக்கும், பத்தரை லட்சத்துக்கு அருகில். அந்தச் சிறிய திரைக்கு அது போதும். அதை வாங்கியவர்கள் வருத்தப்பட வேண்டியதில்லை.

வருத்தப்பட வேண்டியது வேறொன்று. 20 லட்சம் புள்ளிகள் உள்ள திரையில் 4 லட்சம் புள்ளிகள் உள்ள படத்தைப் போட்டால், மிச்சத்தைப் பெட்டியே அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. ஐந்தில் நான்கு பங்கு ஊகம். அதனால்தான் முகத்தில் கண்ணோரச் சுருக்கம் காணாமல் போகிறது. பட்டுச்சேலையின் கரை கலங்கித் தெரிகிறது. கிரிக்கெட் பந்து பாதி வழியில் மறைகிறது. "பழைய 21 அங்குல டிவியிலேயே நல்லா இருந்துச்சு" என்று பாட்டிமார் சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பாட்டி சொன்னது முழு உண்மை. அதே படத்தைப் பரப்பளவில் மூன்று நான்கு மடங்கு பெரிதாக்கி வைத்தால் கரடுமுரடு தெரியாமல் என்ன செய்யும்?

ஆகவே படம் புறப்படும் இடத்திலிருந்து கண் வரைக்கும் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். மேலே ஆயிரம் லிட்டர் தொட்டி இருந்தாலும், நடுவில் ஓரிடத்தில் ஒல்லிக் குழாய் போட்டிருந்தால் அந்த அளவுக்குத்தான் தண்ணீர் வரும். இதுவும் அப்படித்தான்.

முதல் கட்டம் சேனல். ஒரே சேனல் இரண்டு எண்களில் இருக்கும், ஒன்று சாதாரணம், மற்றொன்று எச்.டி. தமிழில் சன் டிவி எச்.டி. 2011-இலேயே வந்துவிட்டது. அதற்குப் பணம் கட்டிவிட்டு, கைப்பழக்கத்தில் பழைய எண்ணையே அழுத்திக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். எச்.டி. சேனலில் மூலையில் உள்ள சின்னத்துக்குப் பக்கத்திலேயே எச்.டி. என்று போட்டிருக்கும். இரண்டாவது, பாக்ஸ். பல வருடங்களுக்கு முன்பு கேபிள்காரர் கொடுத்த பெட்டி சாதாரணப் பெட்டியாக இருக்கலாம். அதன் மேல் எச்.டி. என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புதிய தொலைக்காட்சி வாங்குவதற்கு முன்பே இதை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, நான் முதலில் சொன்ன வயர். மஞ்சள் முனையுள்ள வயரில் எச்.டி. படம் போகவே போகாது. பாக்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 576 கோடுகளோடு நின்றுவிடும். தட்டையான வாயுள்ள எச்.டி.எம்.ஐ. கேபிள் வேண்டும். எச்.டி. பாக்ஸ் வந்த அட்டைப்பெட்டியைத் திறந்து பாருங்கள், பல வீடுகளில் அது உறை பிரிக்காமல் உள்ளேயே கிடக்கும். கடையில் வாங்குவதானால் விலையுயர்ந்த, தங்கமுலாம் பூசிய கேபிளைத் தேடிப் போக வேண்டாம். அதில் ஓடுவது டிஜிட்டல் சிக்னல். நாலைந்து அடி நீளத்துக்கு, சாதாரண நல்ல கேபிளில் வரும் படமே விலையுயர்ந்த கேபிளிலும் வரும். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார் என்பதால் நான் சொல்கிறேன்.

கேபிளை மாற்றியதும் வேலை முடியவில்லை. பாக்ஸின் செட்டிங்ஸுக்குள் போய் 1080 என்ற அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல பாக்ஸ்கள் 576-இலேயே நின்றுகொண்டிருக்கும். டிவியில் எச்.டி.எம்.ஐ. 1 அல்லது 2 என்று, எதில் செருகினோமோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவ்வளவும் செய்ய ஒரு கால்மணி நேரம் ஆகும். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகளில் இந்தக் கால்மணி நேரத்தை உட்கார்ந்து தர ஆளில்லை. அதுதான் உண்மையான காரணம்.

இனி, நான் மனம் பொறுக்காமல் பேசும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். படத்தை இழுத்து நீட்டுவது.

பழைய தொலைக்காட்சியின் வடிவம் நாலுக்கு மூன்று. இன்றைய திரை பதினாறுக்கு ஒன்பது. பழைய வடிவப் படத்தைப் புதிய திரையில் சரியாகப் போட்டால் இடமும் வலமும் கறுப்புப் பட்டை நிற்கும். அது பிடிக்காமல் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தி நிரப்பிவிடுகிறார்கள். நிரப்பினால் எல்லாமே பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிறது. வட்டமான பொட்டு முட்டை வடிவத்துக்குப் போகிறது. நெட்டையானவர் குட்டையாகிறார்.

என் அத்தான் வீட்டில் இது நடந்துகொண்டிருந்தது. மாற்றச் சொன்னேன். "முழுத் திரைக்குத்தானே மாப்ளே காசு கொடுத்திருக்கேன், ரெண்டு பக்கமும் கறுப்பா விட்டா எப்படி?" என்றார். அப்போது 'தில்லானா மோகனாம்பாள்' ஓடிக்கொண்டிருந்தது. 1968-இல் வந்த படம், பழைய சதுர வடிவத்தில் எடுத்தது. பத்மினி ஆடும் காட்சி வந்ததும் ரிமோட்டை வாங்கி நாலுக்கு மூன்றாக மாற்றினேன். அத்தான் அந்த ஆட்டம் முடியும்வரை பேசவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, "இங்க வந்து பாரு, பத்மினி எப்படி இருக்கான்னு" என்றார். தூரம், உயரம், இடுப்பின் வளைவு, கை நீட்டும் அளவு எல்லாம் கணக்குப் பார்த்து ஆடுகிற கலை பரதம். அதை அகலமாக்கிப் பார்ப்பதால் ஆடியவருக்கும் நியாயம் செய்யவில்லை, படம் பிடித்தவருக்கும் நியாயம் செய்யவில்லை.

1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். இதில் பழைய படங்களுக்கு நேர்மாறாக மேலும் கீழும் பட்டை நிற்கும். அதை ஜூம் செய்து நிரப்பினால் இரண்டு ஓரங்களிலும் சேர்த்து ஏறத்தாழக் கால் பங்கு படம் வெளியே போய்விடும். ஓரத்தில் நிற்பவர் பேசும் குரல் மட்டும் கேட்கும். சிவாஜியின் பழைய 'பராசக்தி'யைப் பார்க்கும்போது பக்கங்களில் கறுப்பு, 'ராஜராஜ சோழ'னைப் பார்க்கும்போது மேலும் கீழும் கறுப்பு. இரண்டும் இருக்க வேண்டிய கறுப்பு. எடுத்தவர்கள் எந்த வடிவத்தில் காட்ட நினைத்தார்களோ அந்த வடிவத்தில் படத்தைப் பார்ப்பது மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் பாருங்கள். செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்து பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறதா? பழைய குழாய்த் தொலைக்காட்சிகளில் படத்தின் ஓரம் கொஞ்சம் சட்டத்துக்குள் மறையும்படி செய்திருந்தார்கள். அந்தப் பழக்கம் இன்றைய டிவிகளிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும் அமைப்பைப் போட்டால் முழுப் படமும் வந்துவிடும்.

அடுத்தது, எவ்வளவு தூரத்தில் உட்காருவது. இந்தக் கேள்வியிலிருந்துதான் எச்.டி.யே பிறந்தது. 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அந்த ஆண்டே ஜப்பானின் என்.எச்.கே. ஒலிபரப்பு நிறுவனத்தார், அடுத்த தலைமுறைத் தொலைக்காட்சி எப்படி இருக்க வேண்டும் என்று ஆராயத் தொடங்கினார்கள். அவர்கள் இயந்திரத்தோடு நிற்கவில்லை, மனிதக் கண்ணையும் ஆராய்ந்தார்கள். படம் பார்வையில் எவ்வளவு அகலத்தை எடுத்துக்கொண்டால் நாமும் அந்த இடத்தில் இருப்பதாக உணர்கிறோம், அவ்வளவு கிட்டே வந்தாலும் கோடுகள் தெரியாமல் இருக்க எத்தனை கோடுகள் வேண்டும் என்று பார்த்தார்கள். 1125 கோடுகள் என்ற கணக்குக்கு வந்தார்கள். படத்தின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு தூரம் என்பது அவர்கள் வைத்த அளவு. பழைய தொலைக்காட்சிக்கு அது ஆறேழு மடங்கு.

43 அங்குலத் திரையின் உயரம் 21 அங்குலம். மூன்று மடங்கு என்றால் ஐந்தே கால் அடி. 55 அங்குலத் திரைக்கு ஏழடிக்குக் கொஞ்சம் குறைவு. நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? ஒரு சுவரில் டிவி, எதிர்ச் சுவரை ஒட்டி சோபா, நடுவில் பத்துப் பன்னிரண்டு அடி. அங்கிருந்து பார்த்தால் 43 அங்குலத்தில் எச்.டி. தரும் நுணுக்கத்தில் பாதி கண்ணுக்கு வந்து சேராது, 4கே தருவது சுத்தமாகத் தெரியாது. இன்னும் பெரிய டிவி வாங்குவதற்கு முன் நாற்காலியை நாலடி முன்னால் இழுத்துப் போட்டுப் பாருங்கள். செலவே இல்லை.

"கிட்டே உட்கார்ந்தா கண்ணு கெட்டுப்போகும்" என்று நம் தாய்மார் சொல்லி வளர்த்ததால் இது பலருக்குத் தயக்கமாக இருக்கும். கிட்டே பார்ப்பதால் கண் களைக்கலாம், கெட்டுப்போகாது. ஆனால் ஒரு குழந்தை எப்போதும் திரையை ஒட்டிப் போய் உட்கார்ந்தால் அதைத் திட்டி விரட்டாதீர்கள். அதற்குத் தூரப்பார்வை சரியில்லாமல் இருக்கலாம். கண் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

உயரமும் அப்படித்தான். ஷோகேஸின் மேல்தட்டுக்குப் போன டிவியை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேரே திரையின் நடுப்பகுதி இருக்கட்டும். ஜன்னலுக்கு எதிரே வைத்தால் பகலில் ஜன்னல்தான் தெரியும்.

நிற அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'விவிட்', 'டைனமிக்' என்ற அமைப்புகள் கடையின் பளீர் வெளிச்சத்தில் நாலு டிவிக்கு நடுவே கண்ணை இழுப்பதற்கானவை. வீட்டுக்கு 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'சினிமா' போதும். 'ஷார்ப்னெஸ்' கூட்டினால் தெளிவு கூடாது, உருவங்களைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் விழும். அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பு ஒன்று உண்டு. 'ட்ரூமோஷன்', 'மோஷன்ஃப்ளோ' என்று பெயர் மாறும். கிரிக்கெட்டுக்கு நல்லது. நொடிக்கு 24 படமாக எடுத்த சினிமாவை அது வீடியோ நாடகமாக்கிவிடும். நடிகர் டாம் குரூஸ் 2018-இல் இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று வீடியோ போட்டுக் கேட்டுக்கொண்டார். கேட்டதில் நியாயம் இருக்கிறது.

எல்லாக் கட்டமும் சரியாக இருந்தும் படம் சரியில்லை என்று ஒருவர் சொன்னால், கடைசிக் கட்டமான கண்ணைப் பார்க்க வேண்டும்.

என் பெரிய அக்கா, "கலர் மங்கிப்போச்சு, கூட்டி வை" என்று பேரனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவனும் கூட்டிக் கூட்டி, நான் போய்ப் பார்த்தபோது திரையில் எல்லோர் முகமும் ஆரஞ்சாக இருந்தது. அக்காவுக்கு அதுவும் போதவில்லை. எச்.டி. சேனலையும் சாதாரணச் சேனலையும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினேன். இரண்டும் ஒன்றுதான் என்றாள். மறுவாரம் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவள், கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாக மூடி மூடி என் வேட்டியைப் பார்த்தாள். "இந்தக் கண்ணுல வெள்ளையா இருக்குடா. அந்தக் கண்ணுல பழுப்பா இருக்கு" என்றாள். வருடக்கணக்கில் தான் பார்த்ததெல்லாம் பழுப்பென்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மெல்ல மெல்ல மஞ்சளாகும். நீல நிறம் முதலில் போகும். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாத அளவில் வருவதால் யாரும் மருத்துவரைத் தேடிப் போவதில்லை. டிவியைத்தான் குறை சொல்வார்கள்.

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணமில்லாதவர்களுக்கும் இந்த அறுவைச் சிகிச்சையைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. ஊர் ஊராக முகாம் நடக்கும் மாநிலம் இது. அப்பா அம்மாவுக்குப் பெரிய டிவி வாங்கிக் கொடுக்க நினைக்கும் பிள்ளைகள், அதற்கு முன் அவர்கள் கண்ணைச் சோதித்துக்கொண்டு வரட்டும் என்று நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

காதும் அப்படித்தான். டிவி மெலிந்துகொண்டே வந்ததில் ஸ்பீக்கருக்கு இடமில்லாமல் போய்விட்டது. பெரும்பாலும் அடியிலோ பின்னாலோ இருக்கிறது, சத்தம் நம்மை நோக்கி வருவதே இல்லை. வயதானவர்கள் சத்தத்தைக் கூட்டுவார்கள். பின்னணி இசை அலறும், வசனம் புரியாது. வீட்டில் சண்டை வரும். செட்டிங்ஸில் 'கிளியர் வாய்ஸ்' என்றோ வேறு பெயரிலோ குரலை முன்னுக்குக் கொண்டுவரும் அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள். முடிந்தால் ஒரு சிறிய சவுண்ட்பார் வாங்கி, ஏ.ஆர்.சி. என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளையில் செருகுங்கள். பெரும்பாலும் டிவி ரிமோட்டிலேயே அதன் சத்தத்தையும் கூட்டலாம், குறைக்கலாம்.

வேலையெல்லாம் முடிந்து கிளம்புவதற்கு முன் நான் ஒன்று செய்வேன். வீட்டுப் பெரியவர்கள் அன்றாடம் பார்க்கும் சேனல்கள் எவை என்று கேட்டு, அவற்றின் எச்.டி. எண்களை ஒரு அட்டையில் தடித்த பேனாவால் எழுதி, டிவிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுவேன். பாக்ஸ் எந்த எச்.டி.எம்.ஐ.யில் இருக்கிறது என்பதையும் அதிலேயே எழுதிவிடுவேன். பிறகு ரிமோட்டை அவர்கள் கையில் கொடுத்து, டிவியை ஒருமுறை அணைத்து அவர்களையே போடச் சொல்லி, எச்.டி. எண்ணை அவர்களே அழுத்திப் படத்தை வரவைக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.